கிங்ஸ் லின் நடைச் சுற்றுலா: சிலையடியில் வாயைத் திறந்து கேளுங்கள்

சுங்கப் பத்திரங்கள் நிரப்பியே இருபது வருடம் ஓட்டியவன் நான். விடுமுறையிலுமா சுங்க இல்லம் என்று மனைவி முறைத்தாள். ஆனாலும் போனோம். இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் கிங்ஸ் லின் ஊர். இரண்டு மணி நேர நடை, ஆளுக்குப் பத்துப் பவுண்டு.

முதல் ஒரு மணி நேரம் சுமார்தான். 1683இல் ஹென்றி பெல் கட்டிய சுங்க இல்லம், மாடத்தில் மன்னர் இரண்டாம் சார்லஸ் சிலை, கடத்தல்காரர் கதைகள் என்று எல்லாமே ஒப்பிக்கிற குரலில் வந்தன.

பக்கத்தில் வான்கூவர் சிலை. 1757இல் இவ்வூரில் பிறந்த மாலுமி. தந்தை இங்கே துணைச் சுங்க கலெக்டர். "துணை சரி, பதவிக்காரர் எங்கே இருப்பார்?" என்று கேட்டுவைத்தேன். வழிகாட்டி அம்மையார் குறிப்பு அட்டையை மடித்துப் பைக்குள் போட்டார். அதன் பிறகு பேசியதற்குத்தான் பத்துப் பவுண்டும்.

அந்த நூற்றாண்டில் பதவி ஒருவருக்கு, பாடு இன்னொருவருக்கு என்பது சகஜமாம். சில பழைய பதவிகள் அரச முத்திரைப் பட்டயத்தில் ஆயுளுக்கும் கிடைக்கும். ஊர்ப்பக்கமே வராமல் ஆள் வைத்து நடத்திக்கொள்ளலாம். மற்ற வேலைகளுக்குக் கருவூலம் ஆணையிட, சுங்க ஆணையர்கள் நியமனப் பத்திரம் தருவார்கள். அந்த ஆணைக்கு நல்ல இடத்துச் சிபாரிசு வேண்டும், பெரும்பாலும் எம்.பி.யுடையது. இந்த ஊர் எம்.பி.யோ ராபர்ட் வால்போல். 1721 முதல் 1742 வரை கருவூலமும் அவர் கையில். மனுவை நீட்டும் கையும் வாங்கும் கையும் ஒன்றே! மகன் ஹொரேஸுக்கு இருபது வயது வாக்கிலேயே ஏற்றுமதி இறக்குமதி இன்ஸ்பெக்டர் பதவி கிடைத்துவிட்டது.

சாதாரண ஆளுக்கு ஆணை வந்தும் தொல்லை தீராது. பிணை நிற்க ஆள் பிடிக்க வேண்டும், சத்தியப்பிரமாணம் செய்ய வேண்டும், இங்கிலாந்துத் திருச்சபையில் நற்கருணை (வழிபாட்டில் தரும் அப்பமும் திராட்சை ரசமும்) வாங்கியதற்குச் சான்றிதழ் வேறு. வேலை கொடுத்தவருக்கே ஓட்டு என்று வழக்கமாகிப்போனதால், 1782இல் வரி அதிகாரிகளின் வாக்குரிமையையே சட்டம் போட்டுப் பறித்தார்கள். இதைக் கேட்டு மனைவியும் கைப்பேசியைக் கீழே வைத்தாள்.

இந்தப் பேச்சில் நேரம் போய்க் கடைசி இரண்டு இடங்களை விட்டுவிட்டார்கள்; ஓர் அமெரிக்கத் தம்பதி முணுமுணுத்தார்கள். எனக்குக் குறையில்லை. ஐந்துக்கு நான்கு. ஆற்றங்கரைக் காற்று காதை அறுக்கிறது, குல்லாய் எடுத்துப்போங்கள்.