சுண்டுவின் வயிற்றுக்கு எந்தப் புல்: பாக்கெட்டா, விளையா, வைக்கோலா?

குமரி மாவட்டத்தில், தக்கலைப் பக்கம் எங்கள் வீட்டில் சுண்டு என்றொரு கினிப்பன்றி இருக்கிறாள். நாலு வயது, 900 கிராம். இரண்டு வருடமாக வயிற்றுக்கோளாறு விட்டுவிட்டு வருகிறது. புழுக்கை இளகும், வயிறு உப்பும், மூலையில் உடம்பைக் குறுக்கி உட்கார்ந்துவிடுவாள். இந்த இரண்டு வருடத்தில் பாக்கெட்டில் வரும் உலர்புல், எங்கள் விளையில் (தோட்டத்தில்) அறுக்கும் பச்சைப்புல், வைக்கோல் என மூன்று தீனியையும் கொடுத்துப் பார்த்தேன். இதே பாடு படுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

கினிப்பன்றியின் பெருங்குடல் தொடங்கும் இடத்தில் பெரிய பை ஒன்று உண்டு. நாரை நொதிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் அங்கேதான் வாழ்கின்றன. நார் வந்துகொண்டே இருந்தால்தான் குடல் ஓடும். பற்களும் ஆயுள் முழுக்க வளரும், புல்லை மென்றுதான் தேய வேண்டும். அதனால் பெல்லட்டும் (கடையில் விற்கும் குருணைத் தீனி) காய்கறியும் துணைத் தீனிதான், புல்லின் இடத்துக்கு வரமுடியாது.

வைக்கோலை முதலில் தள்ளிவிடலாம். கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்து மாசியில் சுலபமாகக் கிடைத்தது, வாங்கிப் போட்டேன். நார் இருக்கிறது, ஆனால் சத்து குறைவு, தண்டும் முரடு. வயலில் என்ன மருந்து அடித்தார்கள் என்பதும் தெரியாது. படுக்கைக்கு விரிக்கலாம்.

பாக்கெட்டில் வரும் திமோத்தி உலர்புல்லின் பெரிய பலம் அது மாறாமல் இருப்பது. நொந்த குடலுக்குத் திடீர் மாற்றம் ஆகாது. கால்சியமும் அதில் மிதம். குதிரைமசால் பாக்கெட்டை வளர்ந்த கினிப்பன்றிக்கு வாங்காதீர்கள், அதில் கால்சியம் கூடுதல், மூத்திரப்பையில் கல் சேரலாம். விலை கையைக் கடிக்கும் என்பது ஒரு குறை. எனக்கு அதைவிடப் பெரிய குறை நம் ஊர் ஈரம். ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. பெரிய பாக்கெட்டைப் பிரித்து வைத்தால் பூசணம் பிடிக்கிறது, பூசணப் புல் வயிற்றையும் நுரையீரலையும் சேர்த்துக் கெடுக்கும். சின்னப் பாக்கெட்டாக வாங்கி, துணிப்பையில் போட்டு, அடுப்படிக்குப் பக்கத்தில் உயரத்தில் தொங்கவிடுகிறேன்.

விளைப்புல்லில்தான் சுண்டுவின் முகம் மலரும். அருகம்புல்லும் கினிப்புல்லும் எங்கள் வரப்பிலேயே உண்டு. (பெயர்தான் ஒன்று. கினிப்புல் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, கினிப்பன்றியின் பூர்வீகம் தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலை.) காசு செலவில்லை, பச்சையாக இருப்பதால் வைட்டமின் சி-யும் கொஞ்சம் கிடைக்கும். ஆனால் பெரும்பகுதி தண்ணீர். 50 கிராம் உலர்புல்லின் நாருக்கு 200 கிராமுக்கு மேல் பச்சைப்புல் தின்ன வேண்டும். காலையில் அறுத்ததை நிழலில் பரப்பி அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும். குவித்து வைத்தால் சூடேறிப் புளிக்கும், அதைத் தின்றால் வயிறு உப்பும். களைக்கொல்லி அடித்த ரப்பர் தோட்டத்துப் புல் வேண்டவே வேண்டாம். மரச்சீனி (மரவள்ளி) இலை புல்லோடு கலந்துவிடாமல் பாருங்கள், அதில் சயனைடு நஞ்சு உண்டு. புதிதாகத் தொடங்கினால் ஒரு பிடியில் ஆரம்பித்து இரண்டு வாரம் போல மெல்லக் கூட்டுங்கள்.

என் தேர்வு கலப்புதான். உலர்புல் எந்நேரமும் கூண்டில் கிடக்கும், மழையில்லாத நாளில் விளைப்புல் ஒரு கை. மட்டி வாழைப்பழத்தை நிறுத்திவிட்டேன். பிள்ளைகள் ஆசையாக ஊட்டிய வாரமெல்லாம் புழுக்கை இளகியது. வைட்டமின் சி-க்குத் தண்ணீரில் விடும் சொட்டைவிடக் குடைமிளகாய்த் துண்டு மேல். தண்ணீரில் கலந்த வைட்டமின் வெளிச்சத்தில் சீக்கிரம் கெட்டுப்போகும்.

இத்தனை தீனி மாற்றியும் நோய் முழுதாக விடவில்லை. கடைசியில் வாய்க்குள் கருவி விட்டுப் பார்த்த மருத்துவர், கடைவாய்ப் பல்லில் ஒரு முனை வளர்ந்து நாக்கில் குத்துவதைக் காட்டினார். மெல்லும்போது வலித்ததால் புல்லை ஒதுக்கியிருக்கிறாள், நார் குறைந்து வயிறு கெட்டிருக்கிறது. அதை ராவிய பிறகுதான் புல்லின் பலன் தெரிந்தது. நாள்பட்ட வயிற்றுக்கோளாறு உள்ள கினிப்பன்றிக்குப் பின்பற்களை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். முன்பல்லை மட்டும் பார்த்துச் சரி என்றால் விடாதீர்கள்.

அதற்கு முன் வேறோரிடத்தில் வாய்வழி அமாக்சிசிலின் எழுதித் தந்தார்கள். நல்லவேளை, கொடுப்பதற்கு முன் விசாரித்தேன். பெனிசிலின் வகை மருந்துகள் கினிப்பன்றியின் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களை அழித்து உயிருக்கே உலை வைக்கும். நாய்க்கும் பூனைக்கும் கொடுப்பதுதானே என்று வாங்கி ஊட்டிவிடாதீர்கள்.

தீனியை நிறுத்திவிட்டால், பொறுத்துப் பார்ப்பதா, ஊட்டுவதா? அரை நாளுக்கு மேல் பொறுக்கவே கூடாது. அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். வயிறு மேளம்போல் விறைத்திருந்தால் அவரைக் கேட்காமல் எதையும் ஊட்டக் கூடாது. விறைப்பில்லை, ஊட்டலாம் என்று அவர் சொன்னால், ஊறவைத்துக் கரைத்த பெல்லட்டை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, கன்னத்தின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தரலாம். உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 50 முதல் 80 மி.லி., நாலைந்து தடவையாகப் பிரித்து.

சமையலறைத் தராசில் சுண்டுவை ஞாயிறுதோறும் நிறுக்கிறேன், உடம்புக்கு ஒத்துவராத வாரத்தில் தினமும். போன ஐப்பசியில் 840 கிராம் வரை இறங்கியவள், நேற்று 915.