இரவு ஊறும் ஓட்ஸுக்கு எது பொருத்தம்: எருமைத் தயிரா, பால்மாவா, தேங்காய்ப்பாலா?

ஓட்ஸ் வெளிநாட்டுச் சரக்கு. ஒரே வகை ஓட்ஸில் பக்கெற்றுக்குப் பக்கெற் பெரிய வித்தியாசம் இல்லை. காலையில் அது வாய்க்கு ருசியாக இருக்குமா, பசை மாதிரி ஒட்டுமா என்பதெல்லாம் எதில் ஊறவைக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து வீடுகளில் கைக்கெட்டுபவை மூன்று: எருமைத் தயிர், பால்மா, தேங்காய்ப்பால்.

மூன்றுக்கும் பொதுவான அளவு, ஒருவருக்கு 40 கிராம் ஓட்ஸ், அதாவது அரைக் கோப்பை. ஒரு சிட்டிகை உப்பும் வேண்டும். உப்பை விட்டுவிட்டு, சப்பென்று இருக்கிறதே என்று சீனியை அள்ளிப் போடுவதுதான் வழக்கமான பிழை. தட்டையாக நசுக்கிய ரோல்ட் ஓட்ஸாகப் பார்த்து வாங்குங்கள். இன்ஸ்டன்ட் விடியும்போது களியாகிவிடும், சீனியையும் இரத்தத்தில் வேகமாக ஏற்றும். துண்டு துண்டாக வெட்டிய ஸ்டீல் கட் 8 மணித்தியாலம் ஊறினாலும் பல்லில் நெறுநெறுக்கும்.

முதலிடம் எருமைத் தயிருக்கே. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து சட்டியில் வரும் தயிர் அவ்வளவு கெட்டியாக இருக்கக் காரணம் உண்டு. எருமைப்பாலில் கொழுப்பு 7 முதல் 8 சதவீதம், பசும்பாலைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. போதாததற்கு மண்சட்டியும் தயிரின் நீரை உறிஞ்சிக்கொள்கிறது. ஓட்ஸுக்கு இந்தக் கெட்டியே இடைஞ்சல். தயிரை மட்டும் போட்டுக் கிளறி வைத்தால் காலையில் ஓட்ஸ் நடுவில் வெள்ளையாக, சக்கைபோலக் கிடக்கும். தயிரின் நீர் புரதத்துக்குள் கட்டுண்டு இருப்பதால் ஓட்ஸால் அதை இலகுவில் இழுக்க முடியாது. ஆகவே 100 கிராம் தயிருக்கு 80 மில்லிலீற்றர் கொதித்தாறிய தண்ணீர் விட்டு, கட்டியில்லாமல் அடித்த பிறகுதான் ஓட்ஸைச் சேர்க்க வேண்டும். சட்டி திறந்து இரண்டு நாளுக்குள் என்றால் புளிப்பு அளவாக இருக்கும். அதற்கு மேல் போன தயிரை மோராக்கிக் குடித்துவிடலாம்.

கொலஸ்ட்ரோல் உள்ளவர்கள் தயிரை 50 கிராமாகக் குறைத்து, தண்ணீரை 120 மில்லிலீற்றராகக் கூட்டலாம். ஓட்ஸில் உள்ள பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்து நாளொன்றுக்கு 3 கிராம் உடலில் சேர்ந்தால் கொலஸ்ட்ரோல் குறைய உதவும். 40 கிராம் ஓட்ஸில் அதில் பாதியளவு கிடைக்கும். அந்தப் பலனைத் தயிரின் கொழுப்பால் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

பால்மாவுக்கு இரண்டாமிடம். புளிப்புப் பிடிக்காத பிள்ளைகளுக்கு அதுவே வசதி. 2 மேசைக்கரண்டி பால்மாவை 120 மில்லிலீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, ஆறவைத்து ஓட்ஸில் ஊற்றுங்கள். மாவாகவே தூவினால் காலையில் கட்டி கட்டியாக நிற்கும். பால் குடித்தால் வயிறு ஊதுபவர்களுக்குத் தயிரே மேல். புளிக்கும்போது லக்ரோஸ் என்ற பால்ச்சீனியின் ஒரு பகுதி சிதைந்துபோகிறது.

தேங்காய்ப்பால் மணத்தில் இரண்டையும் மிஞ்சும். ஆனால் முதற்பாலை ஊற்றினால் பிரிட்ஜில் அதன் எண்ணெய் உறைந்து, மேலே வெள்ளைப் படையாக நின்றுவிடும். முதற்பாலுக்குப் பிறகு பிழியும் தண்ணிப்பாலான கப்பிப்பால் 120 மில்லிலீற்றர் எடுங்கள். புரதம் குறைவாதலால் பத்து மணிக்கே பசிக்கும். ஒரு பிடி கச்சான் சேர்த்தால் தாங்கும். விளாம்பழம் கிடைக்கும் காலத்தில் மட்டும் தேங்காய்ப்பாலுக்குத்தான் முதலிடம். விளாம்பழத்தின் உள்ளீட்டைக் கப்பிப்பாலில் கரைத்து, கொஞ்சம் பனங்கட்டி சீவிப் போட்டால் அதற்கு ஈடில்லை.

அதிகம் பிழைப்பது பழத்தில். பப்பாசியையும் அன்னாசியையும் இரவிலேயே தயிரிலோ பாலிலோ போடவே கூடாது. பப்பாசியில் பப்பைனும் அன்னாசியில் புரோமிலைனும் இருக்கின்றன. இரண்டும் பால் புரதத்தை உடைக்கும் நொதியங்கள். காலையில் மூடியைத் திறந்தால் மேலே தண்ணீர் பிரிந்து நிற்கும், ஒரு கரண்டி வாயில் வைத்ததும் கசக்கும். தயிர் பழுதாகிவிட்டது என்று நினைத்து வெளியே கொட்டுகிறார்கள், உண்மையில் அது பழத்தின் வேலை. சாப்பிடும் நேரத்தில் வெட்டிப் போட்டால் ஒரு குறையும் இல்லை. அன்னாசியை இரவே சேர்க்கத்தான் வேண்டுமென்றால் 5 நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறவைத்துப் போடலாம்; சூட்டில் நொதியம் செயலிழந்துவிடும்.

கதலி வாழைப்பழத்தைப் பாதி பாதியாகப் பிரியுங்கள். ஒரு பாதியை இரவே மசித்துக் கலந்தால் சீனி தேவைப்படாது. நிறம் கொஞ்சம் கறுக்கும், கெடுதல் இல்லை. மற்றப் பாதியைக் காலையில் வெட்டிப் போடுங்கள். மாம்பழத்தை எப்போதும் போடலாம். கொடித்தோடையின் புளிப்பு பால்மாப் பாலைத் திரைய வைக்கும், தயிரில் அந்தச் சிக்கல் இல்லை. சியா விதைக்குக் காசு செலவழிக்கவும் வேண்டாம். பலூடாவில் போடும் கறுப்புக் கசகசா (திருநீற்றுப்பச்சிலை விதை) ஒரு தேக்கரண்டியைத் தண்ணீரில் 15 நிமிடம் ஊறவைத்துக் காலையில் சேர்த்தால் அதே வழுவழுப்பு வரும்.

எதில் ஊறவைத்தாலும் போத்தலை மூடி பிரிட்ஜில், 5 பாகை செல்சியஸுக்குக் கீழே வைக்க வேண்டும். எங்கள் பக்கத்து இரவுச் சூட்டில் மேசையில் வைத்தால் தேங்காய்ப்பால்தான் முதலில் பழுதாகும். நடுவில் கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். மூடிய பிரிட்ஜ் சுமார் 4 மணித்தியாலம் குளிரைப் பிடித்து வைத்திருக்கும். அதற்கு மேல் போனால் பாலிலும் தேங்காய்ப்பாலிலும் ஊறியதை மணத்துப் பார்த்து முடிவெடுக்காமல் கொட்டிவிடுங்கள்.