ரிப்பேர் பெர்மிஷனில் புது வீடு கட்டலாம் என்று யாராவது சொன்னால்

நீலகிரியில் பழைய வீட்டை வைத்துக்கொண்டு, இடித்துக் கட்டலாமா என்று யோசிப்பவர்கள் இதைப் பொறுமையாகப் படித்துவிட்டு அப்புறம் யாரிடமும் பணம் கொடுங்கள். "பிளான் அப்ரூவலுக்கு வருஷக்கணக்குல அலையணும், ரிப்பேர் பெர்மிஷன் வாங்கிட்டா புதுசாவே கட்டிரலாம்" என்று சொல்லும் ஆட்கள் நகராட்சி வாசலிலேயே இருக்கிறார்கள். என் அப்பா அம்மாவிடம் அப்படிச் சொல்லித்தான் ஒருவர் ஒரு லட்சத்துக்கும் மேல் வாங்கினார். இன்றைக்கு அந்த வீடு பாதியில் நிற்கிறது, கதவில் நகராட்சி சீல். புகார் விசாரணையில் இருப்பதால் ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் எழுதவில்லை. ஏமாற்றிய முறையை மட்டும் விவரமாகச் சொல்கிறேன்.

அப்பா தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வந்த பணத்தில் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய, தகரக் கூரை போட்ட ஒரு பழைய வீட்டை வாங்கினார். பட்டா, வில்லங்கம் எல்லாம் சுத்தம். வீடு சரிவில் இருக்கிறது. வீட்டுக்கு மேலே நகராட்சி ரோடு, அந்த ரோட்டைத் தாங்கிக்கொண்டு எங்கள் கொல்லைப்புறத்தில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு தடுப்புச்சுவர். இந்தச் சுவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், அது தனிக் கதை.

கூரை ஒழுகியது, சுவர் ஈரம் கோத்து உப்பியது. ஒட்டுப் போட்டுக் குடியிருப்பதைவிட முறையாக அனுமதி வாங்கிக் கட்டிவிடலாம் என்று அப்பா நேராக நகராட்சிக்குத்தான் போனார். நகரமைப்புப் பிரிவில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. "இன்ஜினியரைக் கூட்டிட்டு வாங்க" என்றார்கள். வெளியே வந்ததும் ஜெராக்ஸ் கடையில் இருந்த ஒருவர், "என்னங்க சார், வீட்டு விஷயமா?" என்று கேட்டிருக்கிறார். அலுவலக ஆட்கள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். கோப்பை அவர் கையிலேயே கொடுத்து அனுப்புகிறார்கள். அதைப் பார்க்கும் யாருக்குமே அவர் அலுவலகத்தோடு சேர்ந்தவர் என்றுதான் தோன்றும். அந்தத் தோற்றம்தான் அவருடைய முதலீடு.

அவர் கொண்டுவந்து கொடுத்த காகிதத்தை நான் பிற்பாடு வரிவரியாகப் படித்தேன். கோபுர முத்திரை, ந.க. எண் (அலுவலகக் கோப்பு எண்), ஆணையாளர் கையெழுத்து எல்லாம் அசல். பொய்யான காகிதம் இல்லை அது. ஆனால் மூன்றாவது பத்தியில், மேற்கூரைத் தகடுகளை மாற்றவும் பூச்சு வேலை செய்யவும் மட்டுமே அனுமதி, கட்டடத்தின் பரப்போ உயரமோ அமைப்போ மாறக் கூடாது என்று தெளிவாக எழுதியிருக்கிறது. அவர் அப்பாவிடம் தலைப்பை மட்டும் படித்துக் காட்டி, "அனுமதி ஆயிருச்சு சார்" என்று சொல்லி, அதோடு ஒரு நீல வரைபடத்தையும் பின் அடித்துக் கொடுத்தார். வரைபடத்தில் இரண்டு மாடி வீடு. மூலையில் வட்டமாக ஒரு முத்திரை. அந்த முத்திரை நகராட்சியுடையது இல்லை, வரைந்த இன்ஜினியருடையது. ந.க. எண் வரைபடத்தில் எங்குமே இல்லை. அசல் காகிதத்தோடு அனுமதியே இல்லாத வரைபடத்தைச் சேர்த்து வைத்ததுதான் மோசடி. உங்கள் கையில் இருக்கும் வரைபடத்தை இப்போதே எடுத்துப் பாருங்கள். அனுமதிக்கப்பட்ட வரைபடம் என்றால் அனுமதிக் கடிதத்தில் உள்ள அதே எண்ணும் தேதியும் நகராட்சி முத்திரையும் கையெழுத்தும் வரைபடத் தாளிலேயே இருக்க வேண்டும்.

மண் எடுக்க ராத்திரியில் ஜேசிபி கொண்டுவருகிறேன், ஒரு மணி நேர வேலை என்றும் சொல்லியிருக்கிறார். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. நீலகிரியில் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் ஜேசிபியோ போர்வெல் போடும் வண்டியோ ஓட்டக் கூடாது என்பது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஆள் வைத்துக் கடப்பாரையில்தான் அஸ்திவாரம் தோண்டினோம்.

வேலை நடந்த காலம் முழுக்க நகராட்சிக்காரர்கள் அந்த ரோட்டில்தான் போய் வந்தார்கள். பில்லர் எழும்பியபோது பார்த்தார்கள், சென்ட்ரிங் அடித்தபோது பார்த்தார்கள். ஒருவர் வண்டியை நிறுத்தி மேஸ்திரியிடம் எத்தனை சதுரம் என்று விசாரித்துவிட்டுப் போனார். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. மேல்தளம் கான்கிரீட் போட்டு, சேமிப்பு முழுவதும் கரைந்த பிறகுதான் நோட்டீஸ் வந்தது. 1971-ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகளைச் சொல்லி, அனுமதியில்லாக் கட்டடம், வேலையை நிறுத்து என்று நோட்டீஸ். அப்புறம் சீல். அஸ்திவாரத்திலேயே இந்த நோட்டீஸைக் கொடுத்திருந்தால் நஷ்டம் சில ஆயிரங்களோடு போயிருக்கும். கான்கிரீட் காயும்வரை காத்திருந்து கொடுத்ததற்கு என்ன காரணம் என்று இன்றுவரை எங்களுக்குப் பதில் கிடைக்கவில்லை. இதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

சீல் வைத்த வாரத்திலேயே அதே ஆள் வீட்டுக்கு வந்தார். "அம்மா, நீங்க கவலையே படாதீங்க, ரெகுலரைஸ் பண்ணிரலாம், அதுக்கு ஜி.ஓ. இருக்கு" என்று அம்மாவிடம் இன்னொரு தொகை கேட்டார். ஜி.ஓ. என்றால் அரசாணை. அவர் சொன்னது அதே 1971 சட்டத்தின் 113-சி பிரிவின் கீழ், அனுமதியில்லாமல் கட்டியதை முறைப்படுத்த வந்த வரன்முறைத் திட்டம். அது 1.7.2007-க்கு முன்னால் கட்டி முடித்த கட்டடங்களுக்கு. போன வருஷம் எழுப்பிய சுவருக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. இந்தத் தேதியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது முறை பணம் பறிக்க எல்லாரிடமும் எடுக்கும் ஆயுதம் இதுதான்.

சரி, முறையான வழி என்ன? நீலகிரிக்கு 1993-லிருந்து தனி மாஸ்டர் பிளான் விதிகள் இருக்கின்றன. சமவெளியில் கட்டுகிற மாதிரி இங்கே கட்ட முடியாது. கட்டடம் 7 மீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது. 1,500 சதுர அடிக்குள் அடங்கும் வீட்டுக்கு உள்ளாட்சியிலேயே அனுமதி கேட்கலாம். அதற்கு மேல் போனால் கட்டடத்தின் அமைப்பையும் தோற்றத்தையும் பார்க்கும், கலெக்டர் தலைமையிலான ஏஏஏ கமிட்டிக்குப் போக வேண்டும், வனத்துறை, கனிமவளத் துறை, வேளாண் பொறியியல் துறை என்று தடையின்மைச் சான்றுகள் கேட்பார்கள். நேரம் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் எங்கள் வீடு 1,500 சதுர அடிக்குள் அடங்கும் வீடு! முறையாக விண்ணப்பித்திருந்தாலே கிடைத்திருக்கக்கூடிய அனுமதி. முதல் நாள் கவுன்டரில் இருந்தவர் இந்த ஒரு விஷயத்தை அப்பாவிடம் சொல்லியிருந்தால் ஜெராக்ஸ் கடைக்கு அவர் போயிருக்கவே மாட்டார்.

இந்த விதிகள் வேண்டாதவை என்று நான் சொல்லவில்லை. 2009 நவம்பரில் பெய்த மழையில் இந்த மாவட்டத்தில் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் செத்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை. மலையைச் செங்குத்தாக வெட்டி, தண்ணீர் போகும் வழியை அடைத்துவிட்டு வீடு கட்டினால் என்ன ஆகும் என்று பார்த்தவர்கள் நாங்கள். அதனால்தான் அந்தத் தடுப்புச்சுவர் விஷயம் இன்னும் அதிகமாக வலிக்கிறது.

எங்களுக்கு வந்த நோட்டீஸில் "சரிவான பகுதியில் ஆபத்து விளைவிக்கும் வகையில்" என்று ஒரு வரி. அந்தச் சரிவில் உண்மையில் ஆபத்தாக நிற்பது நகராட்சியின் சுவர்தான். நடுவில் தொப்பை போட்டுத் துருத்திக்கொண்டு நிற்கிறது. விரிசலில் பெரியவர்கள் கையே நுழையும். தடுப்புச்சுவரில் வரிசையாகத் துளை விட்டுக் குழாய் வைப்பது, பின்னால் மண்ணில் ஊறும் தண்ணீர் வெளியே வடிவதற்காக. சில வருஷம் முன்னால் சுவருக்குப் பூச்சு அடித்தபோது அந்தத் துளைகள் எல்லாவற்றையும் சிமென்ட் வைத்து அடைத்துவிட்டார்கள். கம்பியால் குத்திப் பார்த்தேன், குழாயின் வாய்வரை கலவை இறுகிப் போயிருக்கிறது. மேலே ரோட்டோரக் கால்வாய் மண்ணும் பிளாஸ்டிக்குமாக நிரம்பிக் கிடக்கிறது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே தார் போட்டுப் போட்டு ரோடு உயர்ந்துவிட்டது. மழைத்தண்ணீர் கால்வாய்க்குப் போகாமல் சுவருக்குப் பின்னால் இறங்குகிறது. வடிய வழியில்லாத அந்தத் தண்ணீரின் பாரம் முழுவதையும் சுவர் தாங்க வேண்டும். இப்படித்தான் தடுப்புச்சுவர்கள் விழுகின்றன.

அப்பா எழுதிக் கொடுத்த மனுவுக்கு முதலில் "அது நெடுஞ்சாலைத் துறை" என்றார்கள். அங்கே போனால் "அது நகராட்சி ரோடு" என்றார்கள். அப்புறம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டோம். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, மூன்றே மூன்று விஷயம் கேட்டேன். நகராட்சியின் சொத்துப் பதிவேட்டில் அந்த ரோட்டுக்கும் சுவருக்கும் உள்ள பக்கத்தின் நகல், அந்தச் சுவரில் கடைசியாக நடந்த வேலையை அளந்து எழுதிய அளவுப் புத்தகத்தின் நகல், எங்கள் வீட்டுக் கோப்பை நேரில் பார்வையிட அனுமதி. முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். எங்களுக்கு மேல்முறையீடு போட்ட பிறகுதான் வந்தது. பதிவேட்டில் ரோடும் நகராட்சியுடையது, சுவரும் நகராட்சியுடையது. நெடுஞ்சாலை என்று சொன்னவரே அந்தப் பக்கத்தில் சான்றொப்பம் போட்டுக் கொடுத்தார்.

கோப்பைப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. அப்பா பெயரில் புதுக் கட்டட அனுமதிக்கு விண்ணப்பமே போடவில்லை. கட்டணமாக நகராட்சிக்குப் போய்ச் சேர்ந்தது ரிப்பேர் மனுவுக்கான சிறு தொகை மட்டும். மீதியெல்லாம் எங்கே போயிற்று என்பதைத்தான் இப்போது லஞ்ச ஒழிப்புத் துறை கேட்டுக்கொண்டிருக்கிறது.

ஆகவே இங்கே கட்டப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள். யார் மூலமாகப் போனாலும் கட்டணத்தை நீங்களே கட்டி, உங்கள் பெயரில் ரசீது வாங்குங்கள். ரசீதில் எதற்கான கட்டணம் என்று எழுதியிருப்பதைப் படியுங்கள். கடைக்கால் தோண்டும் முன் ஒருமுறை கோப்பைப் பார்வையிடக் கேளுங்கள். மறுத்தால் எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள். "உள்ளே கொடுக்கணும்" என்று யாராவது கேட்டால் லஞ்ச ஒழிப்புத் துறையின் 1064-க்குக் கூப்பிடுங்கள். வேறு வழியில்லாமல் ஏற்கெனவே கொடுத்திருந்தால் தாமதிக்காதீர்கள். 2018-இல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து லஞ்சம் கொடுத்தவரும் குற்றவாளி. கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் சொன்னால்தான் சட்டம் அவரைக் காப்பாற்றும். அந்த ஏழு நாளையும் "பார்த்துக்கலாம் சார்" என்று சொல்லியே கடத்திவிடுவார்கள்.

உங்கள் வீட்டுக்கு மேலேயோ கீழேயோ நகராட்சிச் சுவர், கால்வாய், படிக்கட்டு எது இருந்தாலும் அதன் பதிவேட்டு நகலை மழைக்காலத்துக்கு முன்பே வாங்கி வையுங்கள். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் அந்த நகலையும் தேதியோடு எடுத்த படங்களையும் சேர்த்து மனு கொடுத்தால், "எங்களுடையது இல்லை" என்ற பதிலோடு மனுவை முடித்துவைக்க முடியாது. எங்கள் மனுவுக்குப் பிறகு ஒரு உதவிப் பொறியாளர் வந்து சுவரை அளந்து போயிருக்கிறார். மதிப்பீடு தயாராகிவிட்டது என்கிறார்கள், வேலை உத்தரவு இன்னும் வரவில்லை. அந்த ரோட்டில் கீழ் வரிசையில் குடியிருக்கும் மற்ற வீட்டுக்காரர்களும் ஆளுக்கொரு மனு தனித்தனியாகப் போடுங்கள், பொதுமனுவாகப் போட வேண்டாம். தனி மனு ஒவ்வொன்றுக்கும் அவர்கள் தனியாகப் பதில் எழுதியாக வேண்டும்.