வயதைக் கேட்காத எடை மெஷின்

லண்டன் ஈஸ்ட்ஹாமிலிருந்து இந்த ஆடியில் மதுரை போய் ஐந்து வாரம் இருந்தோம். தம்பி வீட்டுக் காதுகுத்து, குலசாமி கும்பிடு எல்லாம் நல்லபடியாக முடிந்தன. நான் எழுத உட்கார்ந்தது ஒரு துண்டுத் தாளைப் பற்றி. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் என் மகனுக்கு அச்சடித்துக் கொடுத்த ரிப்போர்ட் அது. நினைக்கும்போதெல்லாம் இன்னும் கோபம் வருகிறது.

மகனுக்கு 9 வயது 2 மாதம். லீவில் சும்மா இருக்க வேண்டாம் என்று நீச்சல் வகுப்பில் சேர்க்கப் போனால், ஃபிட்னஸ் சர்டிபிகேட் கேட்டார்கள். ஆஸ்பத்திரி ஏசியும் கண்ணாடிக் கதவுமாகப் பளபளவென்று இருந்தது. ஆன்லைனில் புக்கிங், பத்தே நிமிடத்தில் முறை. லண்டனில் டாக்டரைப் பார்க்கக் காலை எட்டு மணிக்குப் போனைப் பிடித்துக்கொண்டு காத்துக் கிடக்கிறவளுக்கு இதெல்லாம் சொர்க்கமாகத் தெரிந்தது. பெரிய தூண் மாதிரி ஒரு மெஷினில் பையனை ஏறி நிற்கச் சொன்னார்கள். ஷூவைக் கழற்றச் சொல்லவில்லை. உயரம் 137 செ.மீ., எடை 41.9 கிலோ, உயரத்துக்கு ஏற்ற எடைதானா என்று காட்டும் பிஎம்ஐ 22.3. அதற்குக் கீழே பச்சை எழுத்தில் ‘நார்மல்’ என்று வந்தது.

அந்தப் பச்சை எழுத்தைப் பார்த்ததும் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்லியே ஆக வேண்டும். இங்கிலாந்தில் பள்ளிக்கூடத்திலேயே பிள்ளைகளுக்கு உயரமும் எடையும் எடுப்பார்கள், சேர்ந்த வருஷம் ஒரு தடவை, ஆறாம் வருஷம் ஒரு தடவை. முதல் தடவை எடுத்தபோதே ‘உங்கள் குழந்தை எடை கூடுதலாக இருக்கிறான்’ என்று வீட்டுக்குக் கடிதம் வந்தது. வெள்ளைக்காரப் பிள்ளைகளை வைத்துப் போட்ட கணக்கு நம் பிள்ளைக்கு எப்படிப் பொருந்தும் என்று அதை மேசை இழுப்பறைக்குள் தள்ளிவிட்டேன். போனில் அம்மாவிடம் சொன்னபோது, “வாயையும் வயித்தையும் கட்டுனா பிள்ளை எப்படித்தா வளரும்?” என்றார். அம்மாவின் கண்ணுக்குத் தன் பேரன் எப்போதும் இளைத்தவன்தான். இந்தத் தடவை விமான நிலையத்தில் இறங்கியதும் முதல் பேச்சே, “எஞ்சாமி, துரும்பா இளைச்சுப் போயிட்டியே”.

அந்த ரிப்போர்ட்டை அம்மா சாமி அலமாரியில் வைத்தார். எனக்கு மதுரை ஜங்ஷன் ஞாபகம் வந்தது. சின்ன வயதில் பிளாட்பாரத்து எடை மெஷினில் ஏறி நின்று காசு போட்டால் வண்ண விளக்குகள் சுழலும், டக்கென்று ஒரு கெட்டி அட்டை விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் பலன். அப்பா அந்த அட்டையைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொள்வார். மெஷின் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை அங்கே வந்ததுதானோ என்னவோ.

நாலு நாள் கழித்துப் பையனுக்குக் காய்ச்சல். இந்தத் தடவை பழைய இடத்துக்கே போனோம். மருந்துக் கடைக்கு மேலே மாடி, மர பெஞ்சு, சாயங்காலம் ஐந்து மணிக்கு டோக்கன். எனக்கு அம்மை போட்டபோது பார்த்த அதே டாக்டர். எழுபதைத் தாண்டிவிட்டார். காய்ச்சலுக்கு மருந்து எழுதியபிறகு, இதையும் பார்த்துவிடுங்கள் என்று அந்தத் தாளை நீட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மேலும் கீழும் பார்த்தார்.

“இது யாரோட ரிப்போர்ட்டும்மா? வயசு எங்க போட்டிருக்கு?”

அப்போதுதான் நானும் கவனித்தேன். பெயர், பில் நம்பர், போன் நம்பர் எல்லாம் இருந்தன. வயது மட்டும் இல்லை.

“22ங்கிறது எனக்கு நார்மல், உனக்கு நார்மல். இவனுக்கு எப்படிம்மா நார்மல்?” என்றார். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண்தான் பிஎம்ஐ. பெரியவர்களுக்கு அதில் நிலையான கோடுகள் உண்டு. பிள்ளைகளுக்கு அந்தக் கோடே வயதோடு நகரும், ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபடும். முதல் வயதில் குழந்தை கொழுகொழுவென்று ஆகும். அப்புறம் ஐந்தாறு வயது வரை கொழுப்பு குறைந்துகொண்டே வரும், விலா எலும்புகூடத் தெரியும். அது நோயில்லை, அந்த வயதின் உடம்பு வாகே அப்படி. ஐந்து வயதில் 15 என்பது நல்ல கணக்கு. 18.5 வந்தால் பெரியவர்களுக்கு இப்போதுதான் ஒல்லிக் கோட்டைத் தாண்டியதாக அர்த்தம், ஐந்து வயதுப் பிள்ளைக்கோ அது நிச்சயமாக அதிகம். என் மகனுக்கு அந்த ஐந்து வயதில்தான் லண்டனில் அளந்தார்கள். அந்தக் கடிதம் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

பிறகு டாக்டர் அவரே அளந்தார். ஷூ, சாக்ஸ், பெல்ட் எல்லாம் கழற்றச் சொன்னார். குதிகால் சுவரில் ஒட்ட வேண்டும், பார்வை நேராக இருக்க வேண்டும். தலைமேல் ஒரு மரச் சட்டத்தை வைத்து அழுத்திக் கோடு பார்த்தார். 135 செ.மீ., 41.3 கிலோ. பிஎம்ஐ 22.7. ஷூவோடு நின்றதில் உயரம் ஏறி, அந்த எண் இறங்கியிருந்திருக்கிறது. மேசைக்குள்ளிருந்து இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015-இல் போட்ட வளர்ச்சி வரைபடத்தை எடுத்து, பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். மேலே இருந்த இரண்டு கோடுகளையும் தாண்டி விழுந்தது அந்தப் புள்ளி.

அந்த இரண்டு கோடுகளைப் பற்றி அவர் சொன்னதைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெரியவர்களுக்கு உலகம் முழுக்கக் கூடுதல் எடைக்கு 25, உடல் பருமனுக்கு 30 என்று வைத்திருக்கும் எல்லைகளை நமக்கு 23, 27 என்று இறக்கி, அதையொட்டிப் பிள்ளைகளுக்கான கோடுகளைப் போட்டிருக்கிறார்கள். கொஞ்ச எடையிலேயே நமக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வந்துவிடுகின்றன. புணேயில் டாக்டர் யாஜ்னிக் குழுவினர் அங்கே பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். பிறந்தபோது சராசரி எடை சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ, புணேயில் 2.7 கிலோதான். ஆனால் தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பில் நம் குழந்தைகள் அந்த அளவுக்குக் குறைந்திருக்கவில்லை. தசையும் வயிற்று உறுப்புகளும்தான் குறைவு. ஆக, வெள்ளைக்காரன் கணக்கு நமக்குக் கடுமை என்று நான் நினைத்தது நேர் தலைகீழ். நமக்கு அதைவிடக் கடுமையான கணக்குதான் வேண்டும்.

“சட்டையக் கழட்டுப்பா” என்று பையனின் கழுத்தைக் குனிய வைத்துப் பார்த்தார். பின்கழுத்து மடிப்பில் வெல்வெட் துணி மாதிரி தடிப்பான கறுப்பு. வந்த நாளிலிருந்து அதை அழுக்கு என்று நினைத்து, பயத்தமாவு போட்டுத் தேய்த்துக் கொண்டிருந்தார் அம்மா. தேய்த்துத் தேய்த்துச் சிவந்துவிட்டது, கறுப்பு போகவில்லை. “இது தேச்சா போகாதும்மா. உடம்புல இன்சுலின் சரியா வேலை செய்யலைன்னு தோல் சொல்லுது” என்றார். ஒன்பது வருஷமாக எத்தனை ஊசி, எத்தனை அப்பாயின்ட்மென்ட். லண்டனில் ஒருத்தர்கூட அந்தக் கழுத்தைத் தொட்டுப் பார்க்கவில்லை. குளித்துவிடும் நானும்தான் பார்க்கவில்லை.

அப்புறம் ஒரு கட்டு நூல். பையனின் உயரத்துக்கு அளந்து வெட்டி, சரிபாதியாக மடித்து, தொப்புளுக்குக் கொஞ்சம் மேலே சுற்றினார் நர்ஸம்மா. இரண்டு முனையும் சேரவில்லை, நடுவே நாலு விரல் இடைவெளி. இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும் என்பதைப் பார்க்க ஒரு நூல் போதும். அதைப் பார்த்ததும் அம்மா மெதுவாகச் சொன்னார்: “போன தடவை கோயில்ல கட்டுன அரைஞாண் கயிறு இறுக்கிப் பிடிச்சுத் தழும்பு விழுந்துச்சு. கயிறு சுருங்கிருச்சுன்னு நானே அறுத்துப் போட்டேன்.” அதற்குப்பிறகு அம்மா அன்றைக்கு எதுவும் பேசவில்லை.

தைராய்டோ ‘கிளாண்ட்’ கோளாறோ இருக்குமா என்று கேட்டேன். அப்படியென்றால் பெரும்பாலும் பிள்ளை குட்டையாக இருக்கும், இவன் வயதுக்கு மேலேயே வளர்ந்திருக்கிறான் என்றார். குறட்டை விடுகிறானா, முழங்கால் வலிக்கிறதா, வகுப்பில் தூங்கி வழிகிறானா என்றெல்லாம் கேட்டார். குறட்டை உண்டு. வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சர்க்கரை தப்பித்தது, கல்லீரல் கணக்கு கொஞ்சம் கூட இருந்தது.

இதில் ஒரு விஷயத்தை மறக்கவே மாட்டேன். இத்தனை நேரத்தில் ‘குண்டு’ என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவே இல்லை. பையனிடம் நீச்சல் பற்றியும் ஃபுட்பால் பற்றியும்தான் பேசினார். என்னிடம், “எடையக் குறைக்கப் போறோம்னு பட்டினி போட்டுறாதே. இதே எடையில நிக்கட்டும், உயரம் அது பாட்டுக்கு ஏறும்” என்றார். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். வருஷத்தில் 6 செ.மீ. வளர்ந்து எடை இப்படியே நின்றால் 20.8-க்கு வந்துவிடும். பாட்டில் ஜூஸை நிறுத்தியாயிற்று, பாலில் கலக்கும் மால்ட் மாவை நிறுத்தியாயிற்று. தினம் ஒரு மணி நேரம் ஓடியாட வேண்டும், சாப்பிடும்போது போன் கிடையாது, ராத்திரி பன் பரோட்டா கிடையாது, ஒன்பது மணிக்குப் படுக்கை. புதிதாக ஒன்றுமில்லை, நாங்கள் வளர்ந்தபோது வீட்டில் இருந்த பழக்கம்தான். ஃபீஸ் 200 ரூபாய்.

மறுநாள் அந்தப் பளபள ஆஸ்பத்திரிக்கு மறுபடியும் போனேன். சண்டை போட இல்லை, திருத்தித் தரச் சொல்ல. கவுன்டரில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சிஸ்டத்துல அப்படித்தான் மேடம் வரும்” என்றார். பொறுப்பாளரைப் பார்க்க ஒன்றரை மணி நேரம். அவர் வயதைப் பேனாவால் எழுதி, கையெழுத்துப் போட்டு, அதே தாளையே திருப்பிக் கொடுத்தார். ‘நார்மல்’ அப்படியே இருந்தது.

காத்திருந்த நேரத்தில் பக்கத்தில் ஒரு அம்மா, பதினொரு வயது மகளோடு. அந்தப் பிள்ளை கையிலும் அதே தாள். பிஎம்ஐ 16.9, சிவப்பு எழுத்தில் ‘அண்டர்வெயிட்’. “என்னக்கா இது, நல்லாத்தான சாப்பிடுறா” என்று அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. போகிற வழியில் சத்துமாவு டப்பா வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பதினொரு வயதுப் பெண் பிள்ளைக்கு 17-க்குப் பக்கத்தில் இருப்பது நடுத்தரமான, ஆரோக்கியமான எடை. ஒரே மெஷின், எடை கூடிய பிள்ளையை நார்மல் என்றது, நார்மலான பிள்ளையை ஒல்லி என்றது. அந்த அம்மாவிடம் விவரம் சொல்லி, மாடி டாக்டர் இருக்கும் தெருவைக் காட்டிவிட்டு வந்தேன்.

இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் எடை கூடியவர்கள், 2015-16 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 2.1 சதவீதம், 2019-21-இல் 3.4 சதவீதம். ஊட்டமில்லாத பிள்ளைகளையே தேடிப் பழகிய நம் கண்ணுக்கு இவர்கள் படுவதில்லை. ஒல்லியாக இருக்கும் பிள்ளையைத் திருஷ்டி என்போம், பருத்த பிள்ளையை வளம் என்போம். இதில் மெஷினும் சேர்ந்து பச்சை எழுத்தில் தலையாட்டினால் யார்தான் சந்தேகப்படுவார்கள்?

லண்டன் திரும்பியதும் அந்த ஆஸ்பத்திரிக்கு விவரமாக எழுதி, வளர்ச்சி வரைபடத்தையும் இணைத்து அனுப்பினேன். இரண்டே வேண்டுகோள்: பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் மெஷின் வயதைக் கேட்கட்டும், ஏறும் முன் பிள்ளை ஷூவைக் கழற்றட்டும். இன்னும் பதில் வரவில்லை. டாக்டர் கொடுத்த வரைபடம் பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. அதில் ஒரு புள்ளிதான் இருக்கிறது. அடுத்த புள்ளியை டிசம்பர் லீவில் நாங்களே அளந்து வைத்து, போட்டோ எடுத்து அவருக்கு அனுப்ப வேண்டும். அம்மா போனில் இப்போதெல்லாம் “சாப்பிட்டானா?” என்று கேட்ட கையோடு, “வெளையாடுனானா?” என்றும் கேட்கிறார்.