பழைய நாற்காலியும் ஆத்தங்குடித் தரையும்: மயிலாப்பூர் சலூன் ஒன்றின் புதிய உள்ளமைப்பு

நான் பல ஆண்டுகளாக முடி வெட்டிக்கொள்ளும் மயிலாப்பூர் சலூன், மூன்று மாதம் மூடிக் கிடந்த பிறகு, ‘சுற்றுச்சூழலுக்கு உகந்த உள்ளமைப்பு’ என்ற பலகையோடு மீண்டும் திறந்திருக்கிறது. வாசலில் இரண்டு தொட்டிச் செடிகளும் சாக்குத்துணித் திரையும் வைத்துவிட்டுப் பசுமை பேசும் கடைகளைப் பார்த்துச் சலித்திருந்ததால், ஐயத்தோடுதான் உள்ளே நுழைந்தேன்.

பழைய கடையின் கனத்த இரும்பு நாற்காலிகளைக் காயலான் கடைக்கு அனுப்பாமல், பழுதுபார்த்து, மெத்தையையும் உறையையும் மட்டும் மாற்றியிருக்கிறார்கள். இன்னும் இருபது ஆண்டு உழைக்கக்கூடிய பொருளைத் தூக்கி எறியாததே இந்தக் கடை எடுத்த மிக நல்ல முடிவு. ஆனால் பலகையில் மூங்கில் விளக்குக்கூடுகளைப் பற்றி மூன்று வரி இருக்கிறது, நாற்காலியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

தரைக்கு ஆத்தங்குடி டைல்ஸ். கண்ணாடித் தகட்டின்மேல் நிறக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டுக் கையால் செய்து, நீரில் ஊறவைத்து எடுக்கப்படும் இக்கல்லைச் சூளையில் சுடுவதில்லை என்பதால், சுடுவதற்கான எரிபொருள் மிச்சமாகிறது (சிமெண்டு ஆலையின் புகை தனிக் கணக்கு). வெட்டி விழுந்த முடி அந்த வழவழப்பில் ஒட்டாமல் ஒரே பெருக்கலில் வந்துவிடுகிறது. ஆயினும் அது நீரை உறிஞ்சும் கல். தலைச்சாயம் பூசும் மூலையில் திறந்த சில வாரங்களிலேயே கருந்திட்டுகள் படிந்துவிட்டன. அந்த மூலைக்கு மட்டும் கடப்பைக்கல் போட்டிருக்கலாம்.

மூங்கில் கூடுகளுக்குள்ளிருந்து வரும் மஞ்சள் வெளிச்சம் படத்துக்கு அழகு, சாயத்துக்கு உதவாது. நிறங்களை உள்ளபடி காட்டும் எல்.இ.டி. விளக்குகள் கண்ணாடிகளுக்கு மேல் இல்லாததால், ஒரு பெண்மணி தம் கூந்தலின் நிறத்தைப் பார்க்க ஈரத் தலையோடு தெருவாசல் வரை நடந்ததைக் கண்டேன். முடியை நேராக்கும் இருக்கைக்கு மேலே, காற்றை நேராக வெளியே தள்ளும் விசிறி பொருத்தியிருப்பது பாராட்டத்தக்கது. முடியை நேராக்கும் மருந்துகள் சிலவற்றைச் சூடாக்கும்போது ஃபார்மால்டிஹைடு என்னும் நச்சு வாயு வெளிப்படும். அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிவிடும் ஏ.சி.யால் அது வெளியேறாது.

எனக்குப் பெரிய ஏமாற்றம் தலை கழுவும் தொட்டியில்தான். ஷாம்பூ தேய்த்த நேரமெல்லாம் வெந்நீர் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது, ஏனென்றால் பணியாளர் இரு கைகளும் நுரையாக இருக்கையில் குழாயை மூட அங்கே வழியில்லை. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, இதே தெருவில் லாரித் தண்ணீருக்குக் குடங்கள் வரிசையில் நின்றன. சலூனில் நீரும் அதைச் சூடாக்கும் மின்சாரமும் செலவாவது பெரும்பாலும் இந்தத் தொட்டியில்தான் என்பதால், உள்ளமைப்பாளர் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சைத் தேர்ந்தெடுக்கும் முன் இங்கே வந்து நின்றிருக்க வேண்டும். விரலை எடுத்தால் நீர் நின்றுவிடும் கைத்தெளிப்பான் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

முடிவெட்டு வழக்கம்போல் நன்றாக இருந்தது. கட்டணம் 100 ரூபாய் கூடியிருக்கிறது. பணம் கொடுக்கும்போது குழாயைப் பற்றி உரிமையாளரிடம் சொன்னேன். “அடுத்த மாசம் வந்து பாருங்க சார்” என்றார்.