பாலே பயிலும் மகளுக்குக் கல்லூரி தேடித் தந்த ஆலோசனைச் சேவை: ஒரு மதிப்பீடு

அமெரிக்காவில் நடன மாணவர்களுக்கு மட்டும் கல்லூரித் தேர்வில் வழிகாட்டும் தனியார் சேவை ஒன்றை, என் மகள் பதினோராம் வகுப்பில் இருந்தபோது தொடங்கி ஓராண்டுக்குப் பயன்படுத்தினோம். வேதியியலில் வகுப்பிலேயே முதலிடத்தில் இருந்த அவள், பள்ளி விட்டதும் வாரத்தில் ஆறு நாள் பாலே வகுப்புக்குப் போவாள். இரண்டில் எதையும் விட அவளுக்கு மனமில்லை. எங்களுக்கு அமைந்த ஆலோசகருக்கு நடனம் அத்துபடி. படிப்பைப் பற்றி அந்த அளவுக்குத் தெரிந்திருக்கவில்லை.

முதலில் வந்த பட்டியலில் புகழ்பெற்ற பெயர்களே நிறைந்திருந்தன. நடனப் பிரிவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 24 பேரை மட்டுமே சேர்க்கும் நியூயார்க்கின் ஜூலியார்டு கலைப் பள்ளி அதில் முதலில் இருந்தது. ஆனால் அங்கே தரப்படும் பி.எஃப்.ஏ. என்ற நுண்கலை இளநிலைப் பட்டத்தில் பாட நேரத்தின் பெரும்பகுதியை நடனமே எடுத்துக்கொள்வதால், வேதியியல் ஆய்வகத்துக்கு அங்கே இடம் ஏது என்று நாங்கள் கேட்ட பிறகுதான் இரண்டாவது பட்டியல் கிடைத்தது. கொடுத்த பணத்துக்கு ஈடானது அந்தப் பட்டியல்தான். பாலேயை இசைப் பள்ளிக்குள்ளேயே ஒரு துறையாக வைத்து, அதில் பி.எஸ். (அறிவியல் இளநிலை) பட்டம் தரும் இந்தியானா பல்கலைக்கழகம், 1951-இல் அமெரிக்க பாலே ஆசிரியர் வில்லம் கிறிஸ்டென்சன் பாலே கற்பிக்கத் தொடங்கிய யூட்டா பல்கலைக்கழகம், நடனத்தைப் பி.ஏ. பாடமாக எடுக்கக்கூடிய பார்னர்டு கல்லூரி; அதையொட்டிய கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மாணவர்களே 2007-இல் தொடங்கிய பாலே குழு என்று, வெவ்வேறு வகையான வழிகளை அது எங்கள் முன் வைத்தது. பாலே கம்பெனிகள் எனப்படும் தொழில்முறை நடனக் குழுக்கள் பதினெட்டு, பத்தொன்பது வயதினரையே விரும்பி எடுப்பதால், நான்காண்டு படித்துவிட்டு வருபவருக்கு வாய்ப்புகள் குறையலாம் என்பதையும் ஆலோசகர் மறைக்கவில்லை.

ஆடிஷன் வீடியோவில் அவர் காட்டிய கவனத்தை மறக்க முடியாது. நாங்கள் அனுப்பிய முதல் பதிவை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, கேமராவை மார்பளவு உயரத்தில் வைத்ததால் ஊன்றிய கால் குட்டையாகத் தெரிகிறது என்றும், சுழற்சியின் முடிவில் கால்விரல்களில் நின்று ஆட அணியும் பாயிண்ட் ஷூவின் நுனி சட்டகத்துக்கு வெளியே போகிறது என்றும் சொன்னார். இடுப்பளவுக்கு இறக்கி மறுபடி எடுத்தபோது, அதே மகள் வேறொருத்தியைப் போல் ஆடினாள்.

ஆனால் நடனத் துறையின் தனி விண்ணப்பத்துக்கும் முன்தேர்வு வீடியோவுக்கும் பல்கலைக்கழகத்தின் பொது விண்ணப்பத்துக்கு முன்பே கெடு முடியலாம் என்ற அடிப்படைச் செய்தியை அவர் சொல்லவே இல்லை. அதனால் ஒரு கல்லூரி கைநழுவிப் போனது. கேட்டதற்கு, எல்லாத் தேதிகளையும் சரிபார்ப்பது குடும்பத்தின் பொறுப்பு என்ற பதில் வந்தது. ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருந்ததும் உண்மைதான், ஆனால் ஓராண்டுக் கட்டணம் வாங்கியவர் சொல்லத்தக்க பதில் அதுவன்று. மதிப்பெண்ணுக்கான உதவித்தொகையும் நடனத்துக்கான உதவித்தொகையும் தனித்தனியே முடிவாவதைக்கூட நாங்களாகவே கண்டுபிடித்தோம்.

இறுதி முடிவுக்கு உதவிய கேள்வி அவர் தந்த கேள்விப் பட்டியலில் இல்லை. நேரில் சென்ற ஒரு கல்லூரியில், காலை வகுப்பு முடிந்து தரையில் அமர்ந்து ஷூ ரிப்பனை அவிழ்த்துக்கொண்டிருந்த மூன்றாமாண்டு மாணவியிடம், ஆய்வகத்தை எப்போது முடிக்கிறீர்கள் என்று மகளே கேட்டாள். கோடையில்தான், ஒத்திகைக் காலத்தில் வழியே இல்லை என்றாள் அந்தப் பெண். அன்று மாலையே மகள் அந்தக் கல்லூரியின் கோடைக்காலப் பாட அட்டவணையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.