பின்னணி த்ரெட்டுக்கு யூசரைக் கொண்டுபோகும் ஸ்பிரிங் செக்யூரிட்டி ரேப்பர்கள்: ஒரு வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஜாவா வெப் அப்ளிகேஷன்களில் லாகினையும் உரிமைகளையும் பார்த்துக்கொள்ளும் ஸ்பிரிங் செக்யூரிட்டிக்குள் "டெலிகேட்டிங் செக்யூரிட்டி கான்டெக்ஸ்ட்" என்று பெயர் தொடங்கும் ஒரு கிளாஸ் குடும்பமே இருக்கிறது. இவைதான் ரேப்பர்கள்: ஒரு வேலையைச் சுற்றி உறையாக நின்று, அது ஓடும் த்ரெட்டுக்கு (பல வேலைகள் ஒரே நேரத்தில் ஓடும் தனித்தனி இழைகளில் ஒன்று) லாகின் செய்தவரின் விவரத்தைக் கொண்டுபோகின்றன. ரன்னபிளுக்கு (ஓட வேண்டிய வேலை) ஒன்று, காலபிளுக்கு (விடை திருப்பித் தரும் வேலை) ஒன்று, எக்ஸிகியூட்டருக்கு (வேலைகளைத் த்ரெட்களில் ஓட்டுவது) ஒன்று, எக்ஸிகியூட்டர் சர்வீஸுக்கு ஒன்று. 2013 கடைசியில் 3.2 பதிப்போடு வந்தவை, அதாவது பழைய சரக்குதான். ஆனாலும் வெப் அப்ளிகேஷன் எழுதுகிறவர்களில் பலர் இதைத் தொட்டதே இல்லை, நானும் போன வருடம் வரை தொட்டதில்லை. தொட வைத்தது ஒரு போன் கால்.

எங்கள் அப்ளிகேஷனில் ஒரு பதிவைத் திருத்தினால் யார் திருத்தினார், எப்போது திருத்தினார் என்று தணிக்கை டேபிளில் ஒரு வரி விழும். அதைப் பார்த்துவிட்டு ஒரு யூசர் கேட்டார்: "நான் மதியமே வீட்டுக்குப் போயிட்டேன், சாயங்காலம் நாலு மணிக்கு என் பேர்ல பதினேழு திருத்தம் எப்படி வந்துச்சு?" பதில் சொல்ல வாய் வரவில்லை. தணிக்கைக்காகவே வைத்திருக்கிற ஒரு நெடுவரிசை தவறான பெயரைச் சொன்னால், அந்த டேபிள் இல்லாமலே இருந்திருக்கலாம்.

காரணத்தைப் பிடிக்க ஒரு நாள் ஆனது. அந்தத் திருத்தங்கள் எல்லாமே பின்னணியில், அசின்க் அனோட்டேஷன் (வேறு த்ரெட்டில் ஓட்டு என்ற குறிப்பு) போட்ட மெத்தடுகளில் நடப்பவை. ஸ்பிரிங் செக்யூரிட்டி லாகின் செய்தவரின் விவரத்தைச் சாதாரணமாக ஒரு த்ரெட்லோக்கலில்தான் (அந்தந்தத் த்ரெட்டுக்கு மட்டும் தெரியும் இடம்) வைத்திருக்கும், அதனால் வேறு த்ரெட்டுக்கு வேலை போனதும் அங்கே யூசர் யாருமே இருக்க மாட்டார். இந்தச் சிக்கலைத் தீர்க்க எங்கள் குழுவில் எப்போதோ அந்த விவரத்தை வைத்திருக்கும் ஹோல்டர் கிளாஸின் முறையை "இன்ஹெரிட்டபிள் த்ரெட்லோக்கல்" என்று மாற்றி வைத்திருந்தோம். ஒரே வரி மாற்றம், இணையத்தில் தேடினால் முதலில் கிடைப்பதும் இதுதான். வேலை செய்கிற மாதிரியும் தெரிந்தது.

லாகை த்ரெட் பெயர்படி வரிசைப்படுத்தியதும் விஷயம் கண்முன் வந்துவிட்டது. டாஸ்க்-3 என்ற த்ரெட்டில் அந்த நேரத்தில் ஓடிய எல்லா வேலைக்கும் ஒரே யூசர், டாஸ்க்-4ல் இன்னொருவர், டாஸ்க்-5ல் வேறொருவர். எட்டு த்ரெட், எட்டுப் பெயர். அன்று பரபரப்பு தொடங்கியபோது யாருடைய ரிக்வெஸ்ட் அந்தத் த்ரெட்டைப் பிறக்க வைத்ததோ, அதற்குப் பிறகு அதில் ஓடியதெல்லாம் அவர் கணக்கில் ஏறியிருக்கிறது. இன்ஹெரிட்டபிள் என்பது த்ரெட் உருவாகும் அந்த ஒரு தருணத்தில் மட்டுமே பெற்றோரிடமிருந்து வாங்கிக்கொள்ளும். பூலில் (த்ரெட்களை வைத்திருந்து மறுபடி மறுபடி பயன்படுத்தும் தொகுப்பு) த்ரெட் ஒருமுறை பிறந்து பலமுறை வேலை செய்கிறது, இரண்டாவது வேலைக்கு யாரும் புதிதாக எதையும் கொடுப்பதில்லை.

டெஸ்டிங்கில் ஏன் சிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் மாட்டுகிற எல்லோருக்கும் இப்படித்தான் நடக்கும். ஸ்பிரிங் பூட் தானாக அமைத்துத் தரும் பூலில் அடிப்படை எண்ணிக்கை 8. எட்டு நிரம்பும் வரை, மற்ற த்ரெட்கள் சும்மா இருந்தாலும், ஒவ்வொரு புதிய வேலைக்கும் ஒரு புதிய த்ரெட்தான் பிறக்கும். அப்புறம் 60 விநாடி வேலை இல்லாமல் இருந்தால் த்ரெட் மறைந்துவிடும். நம் கணினியில் இரண்டு யூசராக மாறி மாறி நாலு தடவை சோதித்தால் ஒவ்வொரு தடவையும் புதுத் த்ரெட், ஒவ்வொரு தடவையும் சரியான பெயர். ஆள் நிறைய வந்து பூல் ஒரு நிமிடம்கூட ஓயாத நேரத்தில்தான் குட்டு உடையும்.

சரி, ரேப்பருக்கு வருகிறேன். எங்கள் டாஸ்க் எக்ஸிகியூட்டரை அதற்குரிய ரேப்பரால் சுற்றிவிட்டு ஹோல்டர் முறையைப் பழையபடி த்ரெட்லோக்கலுக்கு மாற்றினோம். சேர்த்த கோட் பத்து வரிகூட இல்லை. ரேப்பர் செய்வது எளிமையான காரியம்: வேலையை ஒப்படைக்கும் நொடியில் யார் லாகின் செய்திருக்கிறாரோ அவருடைய கான்டெக்ஸ்டை (யூசர் விவரம் இருக்கும் ஆப்ஜெக்ட்) பிடித்துக்கொள்கிறது, பின்னணித் த்ரெட்டில் வேலை தொடங்கும் முன் அதை வைக்கிறது, வேலை முடிந்ததும், எக்செப்ஷன் வந்தாலும்கூட, முன்பு இருந்ததைத் திருப்பி வைக்கிறது, எதுவும் இல்லாமல் இருந்தால் துடைத்துவிடுகிறது. அந்தக் கடைசிப் படிதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. கையால் எழுதுகிறவர்கள் வைப்பதை மறப்பதில்லை, துடைப்பதைத்தான் மறக்கிறார்கள். மாற்றிய பிறகு தணிக்கை டேபிளில் ஒரு பெயர்கூட இடம் மாறி விழவில்லை. கன்ட்ரோலர் காலபிளைத் திருப்பி அனுப்பும் இடங்களில் இந்த வேலையைக்கூட நாம் செய்ய வேண்டாம், வெப் ஃபில்டரே செய்துவிடுகிறது. விடையைப் பிறகு வேறு த்ரெட் நிரப்பும் டெஃபர்ட் ரிசல்ட்டுக்கு அந்த வசதி இல்லை, அங்கே நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் மூன்று மாதம் கழித்து வேறு ஒரு புகார் வந்தது. பெரிய ரிப்போர்ட் ஒன்றை ஓடவிட்டுவிட்டு யூசர் லாக்அவுட் செய்தால், ரிப்போர்ட் பாதியில் "அடையாளம் இல்லை" என்ற எக்செப்ஷனோடு நிற்கிறது. இதற்குப் பின்னால் இருக்கும் காரணம் நுட்பமானது, என் பார்வையில் இந்தக் குடும்பத்தின் பெரிய குறையும் இதுதான். ரேப்பர் பிடித்துக்கொள்வது கான்டெக்ஸ்டின் நகலை இல்லை, அதே ஆப்ஜெக்டை. செஷன் (லாகின் நிலையைச் சர்வர் வைத்திருக்கும் இடம்) மெமரியில் இருந்தால் செஷனில் இருப்பதும் அதே ஆப்ஜெக்ட்தான். லாக்அவுட் ஹேண்ட்லர் தன் வேலையாக அதற்குள் இருக்கும் யூசர் விவரத்தை நல் (null, அதாவது வெற்று) ஆக்குகிறது, ரிப்போர்ட் ஓடிக்கொண்டிருக்கும் த்ரெட்டின் கையில் இருப்பதும் அந்த நொடியே காலியாகிவிடுகிறது. லாக்அவுட் ஹேண்ட்லர் பக்கம் தப்பே இல்லை, வெளியே போனவருடைய பெயரில் அதே நேரத்தில் வேறு ரிக்வெஸ்ட் எதுவும் ஓடக்கூடாது என்பதற்காகத்தான் அப்படிச் செய்கிறது. ஆனால் யூசர் முறையாகக் கேட்டுவிட்டுப் போன வேலை முடிய வேண்டும் என்றால், புதிதாக ஒரு காலி கான்டெக்ஸ்ட் உருவாக்கி, இருக்கும் ஆதென்டிகேஷனை (யூசர் விவரத்தை) அதில் வைத்து, அந்தப் புதியதை ரன்னபிள் ரேப்பரின் இரண்டாவது ஆர்க்யுமென்ட்டாகக் கொடுக்க வேண்டும். மூன்றே வரி. கிளாஸின் பெயரைப் பார்த்து இதை யாராலும் ஊகிக்க முடியாது.

அதே இரண்டாவது ஆர்க்யுமென்ட்டில் இன்னொரு பள்ளமும் இருக்கிறது. எக்ஸிகியூட்டர் ரேப்பருக்கு எக்ஸிகியூட்டரை மட்டும் கொடுத்தால், ஒவ்வொரு வேலையையும் ஒப்படைக்கும்போது அப்போதைய யூசரை எடுத்துக்கொள்ளும். கூடவே ஒரு கான்டெக்ஸ்டையும் கொடுத்துவிட்டால் வாழ்நாள் முழுக்க அந்த ஒரே யூசர்தான். இரவு ஓடும் ஷெட்யூல் வேலைகளைச் சிஸ்டம் யூசர் பெயரில் ஓட்ட இது அருமையான வசதி, நாங்களும் அதற்குப் பயன்படுத்துகிறோம். ரிக்வெஸ்ட் வேலைகளுக்குத் தவறி இதைப் போட்டால் பழைய கதையேதான், இந்தத் தடவை எட்டுப் பெயருக்குப் பதில் ஒரே பெயர்.

பின்னணி வேலைகளைப் படிப்படியாகக் கோக்கும் கம்ப்ளீட்டபிள் ஃபியூச்சரைப் பயன்படுத்துகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சப்ளை அசின்க்குக்கு (supplyAsync) ரேப்பரால் சுற்றிய எக்ஸிகியூட்டரைக் கொடுத்தால் மட்டும் போதாது. அடுத்த படியில் தென் அப்ளை அசின்க்கை (thenApplyAsync) எக்ஸிகியூட்டர் இல்லாமல் எழுதினால் அந்தப் படி ஜாவா எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்திருக்கும் ஃபோர்க் ஜாயின் பொதுப் பூலுக்குத் தாவிவிடும், அங்கே யூசர் கிடையாது. ஒவ்வொரு அசின்க் படிக்கும் எக்ஸிகியூட்டரைத் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டும். எங்கள் கோட் ரிவியூவில் இப்போது நான் முதலில் தேடுவதே இதைத்தான். ஒரு பட்டியலைப் பல த்ரெட்களில் பிரித்து ஓட்டும் பேரலல் ஸ்ட்ரீமுக்கு எக்ஸிகியூட்டர் கொடுக்கவே இடம் இல்லை, அதனால் உரிமை சரிபார்க்கும் மெத்தடுகளை அதற்குள்ளிருந்து கூப்பிடுவதை நிறுத்திவிட்டோம், தேவையான யூசர் ஐடியை வெளியே எடுத்துவிட்டுத்தான் உள்ளே போகிறோம்.

ஐடி என்றதும் நினைவுக்கு வருகிறது. பிரின்சிபலுக்குள் (லாகின் செய்தவரைக் குறிக்கும் ஆப்ஜெக்ட்) டேட்டாபேஸ் என்டிட்டியையே (டேபிள் வரிக்கு ஈடான ஆப்ஜெக்ட்) அப்படியே வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ரேப்பர் அதையும் பத்திரமாக அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்கும், ஆனால் அங்கே போய் லேசியாக, அதாவது தொடும்போதுதான், லோட் ஆகவேண்டிய ஒரு லிஸ்ட்டைத் தொட்டால், பழைய ரிக்வெஸ்ட்டின் ஹைபர்னேட் செஷன் (டேட்டாபேஸோடு பேசும் இணைப்பு) எப்போதோ மூடியிருக்கும், எக்செப்ஷன்தான் வரும். ஐடி, பெயர், ரோல்கள் இவ்வளவு போதும் பிரின்சிபலுக்கு.

இது யூசரை மட்டும்தான் கொண்டுபோகும் என்பதையும் தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள். லாகில் ரிக்வெஸ்ட் எண்ணைத் தொடர எம்டிசியில் (லாக் வரிகளோடு சேரும், த்ரெட்டுக்கென்று வைக்கும் குறிப்புகள்) வைத்திருப்பது, யூசர் தேர்ந்தெடுத்த மொழி, டிரான்சாக்‌ஷன், எதுவுமே கூட வராது. டிரான்சாக்‌ஷன் வராமல் இருப்பது நல்லதுதான். எம்டிசி வராதது எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது, அதற்கு டாஸ்க் டெக்கரேட்டர் என்று ஸ்பிரிங் 4.3லிருந்து இருக்கிற இன்டர்ஃபேஸில் நாங்களே சின்னதாக ஒன்று எழுதிக்கொண்டோம். ஸ்பிரிங் 6.1க்கு மேல் இருப்பவர்கள் கான்டெக்ஸ்ட் ப்ராபகேட்டிங் டாஸ்க் டெக்கரேட்டரை மைக்ரோமீட்டரின் லைப்ரரியோடு சேர்த்துப் பார்க்கலாம், பலவற்றை ஒரே தடவையில் கடத்த அதுதான் ஒழுங்கான வழி. வேலை மெசேஜ் க்யூ வழியாக வேறு சர்வருக்குப் போகிறதென்றால் இவை எதுவுமே உதவாது, யூசர் ஐடியை மெசேஜிலேயே வைத்து அனுப்பி அந்தப் பக்கத்தில் மறுபடி உரிமை பார்க்க வேண்டும்.

ஜாவா 25ல் ஸ்கோப்டு வேல்யூ முழுமையாக வந்துவிட்டதே, இனி இதெல்லாம் எதற்கு என்று குழுவில் ஒரு தம்பி கேட்டார். எனக்கும் அதன் வடிவம் பிடித்திருக்கிறது: ஒருமுறை வைத்த மதிப்பை யாரும் மாற்ற முடியாது, அந்த பிளாக் முடிந்ததும் தானே போய்விடும், துடைக்கும் வேலையே இல்லை. ஆனால் அது குழந்தைத் த்ரெட்டுக்குத் தானாகப் போவது ஸ்ட்ரக்சர்டு கன்கரன்சி (குழந்தை வேலைகளை ஒரே பிளாக்குக்குள் கட்டி ஓட்டும் முறை) வழியாக மட்டும், அது ஜாவா 25லும் ப்ரிவியூவாகத்தான் இருக்கிறது. சாதாரணப் பூலுக்கு ஒப்படைத்தால் ஸ்கோப்டு வேல்யூவும் கூடப் போகாது. இன்றைக்கு ஓடுகிற ப்ரொடக்‌ஷன் கோடுக்கு ரேப்பர்தான்.

என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. குறைத்த ஒன்று, நகல் எடுக்காமல் ஆப்ஜெக்டையே கொடுப்பதற்கு. உங்கள் கோடில் இன்ஹெரிட்டபிள் முறையும் பூலும் ஒன்றாக இருந்தால் இன்றைக்கே லாகை த்ரெட் பெயர்படி வரிசைப்படுத்திப் பாருங்கள், த்ரெட்டுக்கு ஒரு பெயர் வீதம் வந்து நின்றால் தணிக்கை டேபிளில் கடந்த மாதங்களின் வரிகளையும் சேர்த்துத் திருத்த வேண்டியிருக்கும். எங்களுக்கு அதற்கு மட்டும் இரண்டு வாரம் ஆனது.